அப்பா ஒதுக்கிய அகத்திக்கீரை

பிப். 17, செவ்வாய்

காலையில் நல்ல பனி. தாடகை மலையையே காணோம். வயலில் கிடக்கிற வைக்கோல் உலர்ந்தால்தான் மெஷின் ஓடும். அதனால் நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை அப்பா வீட்டில். அபூர்வம். கட்டிலில் உட்கார்ந்து பேப்பர். பக்கத்துக்கு ஒரு இருமல்.

கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. அறுவடை மெஷின் நெல்லைக் கொண்டுபோனதும், பின்னாலேயே அப்பா டிராக்டரில் வைக்கோல் கட்டும் மெஷினை இழுத்துக்கொண்டு போவார். வைக்கோல் உருளை உருளையாக வந்து விழும். உருளைகள் லாரியில் கேரளத்துக்கு. தூசி மட்டும் எங்கள் வீட்டுக்கு, அப்பாவின் நெஞ்சுக்குள்.

போன அறுப்பில் இழுப்பு வந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனது மறக்கவில்லை. அங்கே கொடுத்த, வாயில் வைத்து இழுக்கும் பஃப் இரண்டு. நீலம், இழுப்பு வரும்போது. பழுப்பு, வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலை, மாலை இரண்டிரண்டு முறை.

அறிவியல் ஷைலா டீச்சர் கண்காட்சிக்குத் தலைப்பு கேட்டார். ரெஜினா: எரிமலை. (எட்டாம் வகுப்பிலும் எரிமலை.) நான்: நாம் உண்ணும் தாவரங்களும் நம் சுவாசமும். ஏன் அந்தத் தலைப்பு என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

வாங்க: சார்ட், வெளிர் பச்சை. பசை. ஸ்கெட்ச். பேனா மூடி மறுபடி தொலைந்தது.

பிப். 19, வியாழன்

மதியம் முழுக்க நூலக அறை. டீச்சர் தன் போனில் சில கட்டுரைகளைத் திறந்து கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் அகராதி. அதில் ஒரு செத்த பூச்சி.

வெங்காயம், முருங்கையிலை, கொய்யா: குவெர்செடின். ஒவ்வாத தூசி உள்ளே போனால் உடம்பில் சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். மூக்கு ஒழுகும், மூச்சுக்குழாய் இறுகும். அந்தக் கொட்டலை கு. குறைக்கிறது. ஆய்வகத்தில்.

மஞ்சள்: குர்குமின். அழற்சியைத் தணிக்கலாம். ஆனால் தின்பதில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேருகிறதாம்.

பூசணி, பப்பாளி, கீரை: கரோட்டினாய்டுகள். காய்கறி, பழம் நிறையத் தின்கிறவர்களுக்கு நுரையீரல் சற்று நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் புகை பிடிக்காதவர்களாக இருக்கலாம். தூசியில் வேலை செய்யாதவர்களாக இருக்கலாம். எது காரணம்?

தூதுவளை: இழுப்புக்கு நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. ஆய்வு உண்டு. சிறிது.

'குணமாக்கும்' என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பதெல்லாம் மனிதர் நெஞ்சுக்குள் நடக்காது, தட்டில் போட்ட வெங்காயம் அப்படியே நுரையீரலுக்குப் போய்ச் சேராது என்றார். 'உதவக்கூடும்' என்று மாற்றினேன். மனசில்லை. அப்பாவுக்குக் 'கூடும்' போதுமா?

வீட்டுக்கு வரும் வழியில் கால்வாய்க் கரை வேலியில் தூதுவளை பார்த்தேன். ஊதா பூ, மஞ்சள் நடு. ஊரெல்லாம் இருந்திருக்கிறது, இன்றுதான் கண்ணில் படுகிறது.

பிப். 20, வெள்ளி

அப்பா வந்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலையைத் தேய்த்துக் கழுவினார். ஓடின தண்ணீர் மஞ்சள். தோளில் கிடந்த துண்டை உதறினால் எனக்கே தும்மல்.

சாப்பிடும்போது என் குறிப்பை வாசித்துக் காட்டினேன். அம்மா பாதியில் எழுந்து மோர் எடுக்கப் போய்விட்டாள். அப்பா கை காயும்வரை கேட்டார். குவெர்செடின் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, எதைத் தின்ன வேண்டும் என்று கேட்டார். வெங்காயம் கூட்டலாம், கொய்யா தினம் ஒன்று, தூதுவளைத் துவையல் என்றேன்.

"வெறும் வயித்துலயா மக்கா?"

அப்படிக் கேட்பார் என்று நினைக்கவில்லை. கட்டுரைகளில் அது இல்லை. ஆனால் அப்பா முகம் அத்தனை கவனமாக இருந்தது. ஆமாம், காலையில் வெறும் வயிற்றில் என்றேன். எவ்வளவு நாள் என்றார். நான் யோசிப்பதற்குள் அவரே, "ஒரு மண்டலம் வச்சிக்கிடுவோம்" என்று முடித்தார். தலையாட்டினேன்.

என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. சந்தோஷம். கொஞ்சம் பயமும்.

பிப். 23, திங்கள்

துவையல் மூன்றாம் நாள். காலையில் நான்தான் பறிக்கிறேன். இலையின் முதுகில்கூட முள். வலது கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டும் புண். கணக்குத் தேர்வில் பேனா பிடிக்க வலித்தது.

அம்மா நெய்யில் வதக்கி, தேங்காயும் மிளகும் வைத்து அரைக்கிறாள். புளி வைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நேற்று உள்ளித் தீயலிலும் அவருக்கு மட்டும் புளி இல்லாமல் தனியாக. அறுப்புக் காலத்தில் இரண்டு சட்டியா என்று அம்மாவுக்கு எரிச்சல். "ஏட்டி, ஒன் சயின்ஸ்ல புளிக்கி என்ன குத்தம் கண்டுபிடிச்ச?" என்றாள். நான் புளியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

டீயும் இல்லையாம். சுக்கு வெந்நீர்.

அவருடன் வயலில் உருளை ஏற்றும் தாணு மாமா, கடையில் டீ வேண்டாம் என்று அப்பா எழுந்துவிட்டதாக வந்து சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு டாக்டர் உருவாகிறாள், கடைக்காரன் பிழைப்பு போச்சு என்று கேலி. பிறகு அவருக்கு முழங்கால் வலிக்கு ஏதாவது இலை உண்டா என்று மெல்லக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

இருமல் குறைந்தமாதிரி இருக்கிறது. 'மாதிரி' என்று எழுதிவிட்டு அடித்தேன். திரும்ப எழுதினேன்.

பிப். 25, புதன்

பனி குறைவு. மெஷின் காலையிலேயே போய்விட்டது.

இருமல் குறையவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நேற்று மாலை கிணற்றடியிலிருந்து வந்தவர் வாசல்படியில் ஒரு கையை ஊன்றி நின்றார். கிரில் கதவு துரு பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நின்றார். துருவைப் பார்க்க அவ்வளவு நேரமா? நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறமாதிரி மெல்லிய சத்தம். அம்மாவிடம் சொன்னேன். வைக்கோல் தீருகிறவரை அப்படித்தான், பஃப் எடுக்கிறாரே என்றாள்.

தூசிக்கு முகமூடி போடச் சொன்னேன். போட்டால் வேர்வையில் மூச்சு இன்னும் முட்டுகிறதாம். துண்டைக் கட்டிக்கொள்கிறார்.

இரண்டு வாரமாவது ஆகாமல் உணவின் பலன் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் கட்டுரையிலும் அப்படி இல்லை. நானாகச் சொன்னது.

ரெஜினாவின் எரிமலை ஒத்திகையிலேயே வெடித்துவிட்டது. அவள் பாவாடை முழுக்கச் சிவப்பு.

பிப். 28, சனி

துவாதசி. அம்மா நேற்று ஏகாதசி விரதம். நாங்கள் சைவக்காரர்கள்தான், ஆனாலும் நான் பிறந்தபோது திருவட்டாறு பெருமாளுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறாள். விரதம் முடிக்க இன்று தேங்காய் போட்டு வதக்கிய அகத்திக்கீரைத் துவரன், நெல்லிக்காய்ப் பச்சடி. கால்வாய் ஓரத்துச் சரோஜம் அத்தை வீட்டு மரத்துக் கீரை.

அப்பா இலையில் கீரையை வைத்ததும் விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். துவாதசிக்கு அகத்தி வேண்டாம் என்று சொல்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள் அம்மா.

"மருந்து தின்னுட்டு இருக்கேம்லா. அகத்தி முறிச்சிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அகத்தி மருந்தை முறிக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். துவையலை மருந்து என்கிறாரே என்று சிரித்தேன். அவர் பங்கையும் நானே தின்றேன். நல்ல கசப்பு.

மாலையில் சார்ட்டில் நுரையீரல் வரைந்தேன். இடது பக்கம் சிறிதாக வர வேண்டும், இதயத்துக்கு இடம். என்னுடையதில் இரண்டும் ஒன்றுபோல வந்துவிட்டது. அழித்தேன். தாள் தேய்ந்துவிட்டது.

மார்ச் 2, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சார்ட்டின் அடியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். 'உணவு மருந்துக்கு மாற்று அல்ல.' ஒவ்வொரு எழுத்தாகச் சிவப்பில் எழுதினேன். 'மருந்து' எழுதும்போது சனிக்கிழமை அப்பா சொன்னது காதில் கேட்டது. மருந்து தின்னுட்டு இருக்கேம்லா.

புளி இல்லை. டீ இல்லை. அகத்தி இல்லை. வெறும் வயிற்றில். ஒரு மண்டலம். பத்தியம் இருக்கிறார். நாட்டு மருந்துக்குப் பத்தியம் இருக்கிறவர்கள் இங்கிலீஷ் மருந்தைத் தொடுவதில்லை. ரெண்டும் சேராது என்பார்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுப்பு பஃப் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. எடுத்தால் மூடியில் விபூதித் தூசி படிந்து, விரல் பதிந்தது. நீலம் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டியது. அதுவும் அங்கேயே, பின்னால்.

அப்பா வந்ததும் கேட்டேன். மறைக்கவே இல்லை. நான் துவையலுக்கு நாள் குறித்த அன்றே நிறுத்திவிட்டாராம். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

அது மருந்து இல்லை அப்பா, சாப்பாடு என்றேன்.

"சாப்பாட்டுக்கு யாரும் வெறும் வயித்துல திங்கச் சொல்லுவாவளா மக்கா?"

நான் யோசிக்காமல் சொன்னேன், ஆமாம் என்றது என் தப்பு என்று திக்கித் திக்கிச் சொன்னேன். என் தலையில் கை வைத்து, நான் சொன்னது நன்றாகத்தான் வேலை செய்கிறது, பயப்படாதே, மண்டலம் முடியட்டும் என்றார். அதைச் சொல்லி முடிக்க நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

அம்மா கத்தினாள். நானும் கத்தினேன். அவர் கத்தவில்லை. ஒரே உடம்பில் இரண்டையும் விட்டால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும், எதுவும் பலிக்காது என்றார், மெஷினுக்கு எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்.

நாளைக் காலையில் எப்படியாவது.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்தபோது போய்விட்டிருந்தார். இன்று பனியே இல்லை. நீல பஃப்பை என் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கையில் இருந்தால் போதும் என்று இருந்தது.

மூன்றாவது பீரியடில் பியூன் வந்து என் பெயரைச் சொன்னார். வாசலில் தாணு மாமா பைக். அவர் தலை, புருவமெல்லாம் வைக்கோல் தூசி. கேலி இல்லை. "அப்பாக்கு முடியல்ல மக்கா, ஏறு" என்றார். வழியில் சொன்னது: உருளை சிக்கிக்கொண்டது. எடுக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் அம்மா கூட்டிக்கொண்டு முன்னால் போயிருக்கிறாள்.

பை மடியில். அதற்குள் பஃப். அவர் மூச்சுக்கு நின்றது வயலில்.

ஆஸ்பத்திரியில் அப்பா முகத்தில் மாஸ்க், புகைபோல மருந்து. உதடு சாம்பல் நிறம். தோளும் கழுத்தும் மட்டும் ஏறி இறங்கின. நான் பார்ப்பதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். பேச வரவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் டாக்டர் (பெண், கண்ணாடி, கோபம்) பஃப்பை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். "நானாத்தான்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல். நான் சொல்லிவிட்டேன். தூதுவளை, வெறும் வயிறு, எல்லாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம்தான் பேசினார்.

"துவையல் தின்னுங்க, வேண்டாம்னு சொல்லல்ல. அது ஒரு கறி. கறி வச்சா யாராவது மருந்த நிறுத்துவாங்களா?"

அப்பா நல்லபிள்ளையாகத் தலையாட்டினார். வைக்கோல் வேலைக்கு இப்போது போகக்கூடாது என்றதற்கும் ஆட்டினார். மருந்து ஏற்றியதால் கொஞ்ச நேரம் கை நடுங்கும், படபடப்பாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

நடுங்கியது. அதுதான் கெடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா, உள்ள ரெண்டும் அடிச்சிக்கிடுகு. மொதல்ல போட்டது எறங்கட்டு. நாலு நாளு கழிச்சு பஃப் எடுக்கேன்." ஆஸ்பத்திரியில் ஏற்றியது உயிருக்காக, அது வேறு என்றார். டாக்டர் சொன்னதுதான் அந்த நடுக்கம் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தொடவில்லை.

நாலு நாள். நெஞ்சில் பூனைக்குட்டி மறுபடி.

மார்ச் 4, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. காலையில் பஃப்பை நீட்டினேன். சனிக்கிழமை பார்க்கலாம் என்றார். அம்மா அழுதாள். தாணு மாமா வந்து, எல்லாரும் உன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம், உனக்கு மட்டும் கேட்கவில்லையா என்றார். அப்பா சிரிக்கப் போய் இருமினார்.

குவெர்செடின் வாசித்துக் காட்டியபோது கேட்டார். டாக்டர் சொன்னபோதும் கேட்டார். இரண்டையும் தன் கணக்குக்குள் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்குக்குள் போகாமல் எதுவும் நடக்காது. கிணற்றடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அங்கே துவைகல்லில் ஒரு ஓணான். அது தலையாட்டுவது அப்பா டாக்டரிடம் தலையாட்டியதுபோலவே இருந்தது.

அவர் கணக்கில், முதலில் போட்ட துவையல் உள்ளே கிடக்கிறது. அது இறங்க வேண்டும். இறங்காவிட்டால்? முறிக்க வேண்டும்.

சரோஜம் அத்தை வீட்டுக்கு ஓடினேன். துவாதசி இல்லையே, இன்றைக்கு என்னத்துக்கு அகத்தி என்று அத்தை கேட்டாள். வேணும் அத்தை என்றேன். தொரட்டியால் ஒரு கொப்பையே இழுத்துப் போட்டாள். அம்மாவிடம் கீரையை நீட்டியதும் அவள் என்னையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தாள். தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அகத்தி எந்த மருந்தையும் முறிக்கும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தேடவும் இல்லை. 'குணமாக்கும்' என்ற ஒரு சொல்லையே டீச்சர் கோடு போட்டு அடித்தார். இதை அறிந்தால் என்ன செய்வார்? அப்பா மூச்சு விடட்டும், பிறகு நானே சொல்கிறேன்.

மதியம் நான்தான் பரிமாறினேன். சோறு. பருப்பு. துவரன், இலையின் நடுவில்.

அப்பா பார்த்தார்.

"மக்கா, இது அகத்தியில்லா?"

"ஆமாப்பா."

"தெரிஞ்சுதான் வைக்கியா?"

"தெரிஞ்சுதான். நான்தானே குடுத்தேன். நானே முறிக்கேன்."

கீரையின் ஓரத்தில் விரலை வைத்தார், தள்ளவில்லை. பிறகு சோற்றில் பிசைந்தார். முதல் வாய்க்கு முகம் சுளித்தது. இரண்டாவது. மூன்றாவது. கீரை முழுவதும். மறுபடி கொஞ்சம் வை என்று இலையைக் காட்டினார், மிச்சம் மீதி இல்லாமல் முறியட்டும் என்பதுபோல.

கை கழுவி, மாத்திரையை விழுங்கிவிட்டு, அவரே சாமிப்படத்துக்குப் போனார். பழுப்பு. மூடியைத் துடைத்தார். குலுக்கினார். உதடு பொருத்தி, அழுத்தி, இழுத்து, உள்ளேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தார். நானும் பிடித்தேன். அடுக்களை வாசலில் அம்மா, கையில் துவரன் சட்டியோடு, அவளும்.

அப்பா மூச்சை விட்டார். ஒற்றை விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். இன்னும் ஒன்று இருக்கிறது.